டி.வி. கேம் நினைவுகள்: ஒரு திறனாய்வு

இளமைக்கால விளையாட்டை நினைந்து இரங்குவது தமிழுக்குப் புதிய செயலன்று. புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரை, அப்பாட்டில் வரும் கோலைக் கொண்டே தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறோம். மணலில் பாவை செய்து பூச்சூட்டியதும், குளத்தில் கைகோத்து ஆடியதும், மருதக் கிளையேறிக் கரையிலுள்ளோர் வியக்க நீரிற் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அம்முதியவருக்கு நினைவுக்கு வருகின்றன. கோலூன்றி, இருமலுக்கிடையே இரண்டொரு சொல் பேசும் நிலையில் நின்று அவர் அதைச் சொல்லுகிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்தக் குளத்தில் நாம் குளித்ததில்லை. எனினும் படிக்கும்போது நம் உடம்பும் நனைகிறது.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘நைன்ட்டீஸ் கிட்ஸ்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளும் ஒரு தலைமுறையார், தம் பிள்ளைப் பருவத்து டி.வி. கேம்களையும் பிரிக் கேம்களையும் பற்றி எழுதுவதையும் பேசுவதையும் ஒரு துறையாகவே வளர்த்துவிட்டனர். பழந்தமிழில் கையறுநிலை என்றொரு துறை இருந்தது போல இதுவும் ஒரு துறை என்று சொன்னால் பிழையாகாது. துறை என்று ஆகிவிட்டால் அதற்கு இலக்கணம் கேட்பதும், எழுதப்பட்டவை அவ்விலக்கணத்தில் தேறுகின்றனவா என்று பார்ப்பதும் முறைதானே?

என்னை இதில் இழுத்துவிட்டவர் என் பழைய மாணவர் ஒருவர். மீமிசலுக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையைச் சேர்ந்தவர். இன்று நாற்பது வயதை எட்டிச் சிங்கப்பூரில் தொழில் செய்கிறார். தம் சிறுபிராயத்து விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி நாற்பது பக்கம் எழுதி, “ஹஜ்ரத், பிழை திருத்தித் தாருங்கள்” என்று அனுப்பியிருந்தார். படித்தேன். எழுத்துப்பிழை அதிகமில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. அதைச் சொல்லுமுன் பொருளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் நம் வாசகர் பலர் வீட்டுப் பிள்ளைகள் இதனோடு வளர்ந்தவர்கள், பெரியவர்களோ அதைத் திரும்பியும் பாராதவர்கள்.

ஜப்பானின் கியோட்டோ நகரில் 1889இல் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நிறுவனம் நின்டெண்டோ. அது 1983 ஜூலையில் ‘பேமிலி கம்ப்யூட்டர்’ என்னும் பெட்டியை வெளியிட்டது. வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து, கேசட்டைச் செருகி ஆடுவது. உலகெங்கும் ஆறு கோடிக்கு மேல் அது விற்றது. ஆனால் நம் ஊர்களுக்கு வந்தவற்றுள் மிகுதியானவை அதுவல்ல. அதனைப் பார்த்துச் செய்த நகல்களே. ‘சாமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’ முதலிய பெயர்களில் தொண்ணூறுகளில் நம் நாட்டில் விற்றவையும், சபுராளிகள் பெட்டியில் துணிகளுக்கிடையே சுற்றி எடுத்து வந்தவையும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கேசட்டின் மேல் எத்தனையோ ஆயிரம் விளையாட்டு என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை இருபதோ முப்பதோ. அவையே வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். புதுக்கோட்டைக் கீழராஜ வீதிக் கடையில் வாங்கினாலும் சிங்கப்பூரில் வாங்கினாலும் இந்த ஏமாற்று ஒன்றேதான்.

இப்பெட்டிகளை நான் இகழ்ந்து பேசியவன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மதரஸாவில் ஓதிப் பட்டம் பெற்று, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தொடங்கிய புதிதில், இவையெல்லாம் ‘லஹ்வு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டேன். இப்போது நினைத்தால் என் அரபியே அங்கே தவறியிருக்கிறது. லஇபு என்பது விளையாட்டு. லஹ்வு என்பது நமக்கு உரிய காரியத்தைவிட்டு நம்மைத் திருப்பிவிடும் பராக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஒன்றே எனின் மொழி இரண்டு சொல்லை வைத்திருக்க வேண்டியதில்லை.

மாணவரின் கட்டுரையைத் திருத்துவதற்காகவே, அவர் அனுப்பிய காட்சிகளை உட்கார்ந்து பார்த்தேன். 1985இல் வந்த ‘சூப்பர் மேரியோ’வின் முதற்காட்சியை ஓர் ஆசிரியன் என்ற முறையில் மெச்சாதிருக்க முடியவில்லை. ஆள் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெறுமையாய்க் கிடக்கிறது. ஆகவே வலப்பக்கம்தான் போக வேண்டும். சற்று நடந்தால் எதிரி ஒன்று வருகிறது, குதிக்கக் கற்கிறான். குதிக்கும்போது தலை கட்டியில் இடிக்கிறது, காசு கிடைக்கிறது. ஒரு சொல்லும் எழுதாமல் முழுப் பாடமும் நடந்துவிடுகிறது. ஆங்கிலம் அறியாத, ஜப்பானியமோ கேள்வியும்படாத நம் கடற்கரைச் சிறுவன் யாரையும் கேளாமல் ஆடினான் என்றால் அதற்கு இதுவே காரணம். அந்த விளையாட்டு முழுவதும் நாற்பது கிலோபைட்டில் அடங்கியது. இடத்தைச் சிக்கனப்படுத்த, வானத்து மேகத்தையும் தரையின் புதரையும் ஒரே உருவத்தால் வரைந்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். யாப்புக்குள் நின்று கவி செய்பவனுக்கு இந்தச் சிக்கனம் விளங்கும்.

அதைப் படைத்த மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகிலுள்ள சோனோபே என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். சிறுவனாய்க் காடு மலை அலைந்ததும், விளக்கேந்திக் குகைக்குள் புகுந்ததும்தான் 1986இல் வந்த ‘செல்டா’ விளையாட்டாக உருவெடுத்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆக, நம்மவர்கள் எந்தப் பெட்டியை நினைந்து ஏங்குகிறார்களோ அந்தப் பெட்டியே இன்னொருவருடைய பால்யத்தின் ஏக்கத்தால் ஆனது. என் மாணவர் எழுதிய நாற்பது பக்கத்தில் இந்தச் செய்தி இல்லை. ‘கான்ட்ரா’வில் எத்தனை எதிரி, ‘ரோட் ஃபைட்டர்’ வண்டிக்கு என்ன நிறம் என்பவை எல்லாம் இருந்தன.

இங்கேதான் என் குற்றச்சாட்டுத் தொடங்குகிறது. இவ்வகை எழுத்துகள் பெரும்பாலும் பட்டியல்கள். கேசட்டை வாயால் ஊதினோம், அடாப்டர் சூடேறியது, வாத்தைச் சுட்டோம் என்று பெயரைச் சொன்னாலே கண்ணீர் வரும் என்று எழுதுகிறவர் நம்புகிறார். உடன் ஆடியவருக்கு வரலாம். ஆடாதவருக்கு? தொடித்தலை விழுத்தண்டினார் குளத்தின் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

பொருளை ஆராயவாவது செய்கிறார்களா எனின் அதுவுமில்லை. கேசட்டை ஊதினால் வேலை செய்தது என்பது எல்லாருடைய சாட்சியம். உண்மையில் வேலை செய்தது, எடுத்து மறுபடி செருகியதால் தொடுமுனைகள் சரியாகப் படிந்தது; ஊதிய மூச்சின் ஈரம் அம்முனைகளை அரித்துக்கொண்டிருந்தது. அன்பினாலே ஒன்றைக் கெடுத்துக்கொண்டிருந்தோம் என்னும் இந்த உண்மை எவ்வளவு நல்ல பொருள்! எழுதியவர் யாரையும் நான் காணவில்லை. வாத்துச் சுடும் துப்பாக்கியும் அப்படியே. விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுக்கும். வாத்து நின்ற இடம் மட்டும் வெளுக்கும். துப்பாக்கி முனையிலுள்ள ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டதா என்பதே கணக்கு. துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது பார்க்க மட்டுமே செய்யும். பழைய கண்ணாடிக் குழல் தொலைக்காட்சியின் வேகத்துக்கு ஏற்பச் செய்த ஏற்பாடு ஆதலால், இன்றைய தட்டைத் திரையின் முன் அது குருடு. என் மாணவர் பழைய பெட்டி ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கி வைத்திருக்கிறார். துப்பாக்கி சுடவில்லை என்று ஒரு வரியில் வருந்திவிட்டு அடுத்த பட்டியலுக்குப் போய்விட்டார். நின்றிருக்க வேண்டிய இடம் அதுதான் என்று ஓரத்தில் குறித்தேன்.

ஒன்றை மட்டும் அவர் அருமையாக எழுதியிருந்தார். ‘கான்ட்ரா’வில் மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம் என்று ஒரு முறைப்படி விசைகளைத் தட்டினால் முப்பது உயிர் கிடைக்கும். இந்த இரகசியம் எந்தப் புத்தகமும் இல்லாமல் மீமிசலுக்கு எப்படி வந்தது? அறந்தாங்கியில் படித்த மச்சான் சொன்னான்; அவனுக்குத் திருச்சியில் ஒருவன் சொன்னான்; அவனுக்கு யார் சொன்னானோ தெரியாது. இஸ்னாதைப் பாடம் ஓதிய பையன் அல்லவா, அறிவிப்பாளர் வரிசையை விடாமல் எழுதியிருக்கிறார்! சங்கிலியின் கடைசிக் கண்ணி ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானியர், 2020இல் காலமானார். 1986இல் வேறொரு விளையாட்டைச் சோதிக்கும்போது தமக்கே அது கடினமாயிருந்ததால் இந்தக் குறுக்கு வழியை வைத்தாராம். ஓர் ஆசிரியர் தம் பாடத்தைத் தாமே எழுத முடியாமல் விடையை ஓரத்தில் குறித்துக்கொண்ட கதை.

நிற்க. பட்டியல் போதாது என்று சொன்னால் வேறு எது வேண்டும் என்று கேட்பார்கள். அரபுக் கவிதையைப் பார்க்கலாம். ஜாஹிலிய்யாக் காலத்துக் கஸீதாக்கள் பல, கைவிடப்பட்ட கூடாரத் தடத்தில் ஒட்டகத்தை நிறுத்தி அழுவதில் தொடங்கும். அத்தடங்களை அத்லால் என்பர். அடுப்புக் கற்கள் கறுத்துக் கிடக்கின்றன; கூடாரத்தைச் சுற்றி வெட்டிய நீர்க்கால் தூர்ந்து கிடக்கிறது. ஸுஹைர் இருபது ஆண்டு கழித்து வந்து அந்த இடத்தை அரிதில் அடையாளம் காண்கிறார். ஆனால் எவரும் அடுப்புக் கல்லுக்காக அழவில்லை. அங்கே இருந்து போய்விட்டவளுக்காக அழுதார்கள். கல் அவள் இருந்ததற்குச் சாட்சி, அவ்வளவே. பின்வந்தவர்கள் ஆளை மறந்து கல்லை மட்டும் மரபாகப் பாடத் தொடங்கினார்கள். அப்போது அபூ நுவாஸ் அவர்களை எள்ளி நகையாடினார். அவருடைய மற்றப் போக்குகள் எப்படியாயினும், இதில் அவர் பக்கம் நியாயம் இருந்தது.

ஏக்கம் என்பதற்கு அரபியில் ஹனீன் என்போம். தன் கன்றைப் பிரிந்த ஒட்டகம் எழுப்பும் குரலே அச்சொல்லின் அடி. ஐரோப்பாவில் வழங்கும் ‘நாஸ்டால்ஜியா’ என்ற சொல்லோ 1688இல் ஹோபர் என்னும் சுவிஸ் மருத்துவ மாணவர் புனைந்தது. அயல்நாட்டில் கூலிப்படையாய்ப் போன வீரர்களுக்கு ஊர் நினைப்பால் வந்த நோய்க்கு அவர் இட்ட பெயர் அது. கடந்த காலத்துக்கான ஏக்கம் என்ற பொருள் பின்னால் வந்தது. முதற்பொருள் சபர் போனவனின் நோய். புதுக்கோட்டைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் அந்தப் பெட்டி யாருடைய தடம்? இந்தக் கேள்வியை என் மாணவருக்கு எழுதினேன். “தம்பி, நாற்பது பக்கத்தில் விளையாட்டின் பெயர் அறுபது வருகிறது. பெட்டியைக் கொண்டுவந்தவர் ஒரு வரியில் வருகிறார். ‘அத்தா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது’ என்று. அவர் எப்போது வந்தார், எத்தனை நாள் இருந்தார், நீங்கள் ஆடும்போது அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?” என்று கேட்டேன்.

இதைக் கேட்க எனக்குத் தகுதி உண்டா என்று ஐயம் வந்ததும் உண்மை. 1997இல் மாலை மதரஸாவில் இதே பையனிடமிருந்து ஒரு பிரிக் கேமை நான் பிடுங்கி மேசை அறையில் போட்டேன். மாஸ்கோவில் 1984இல் பஜித்னோவ் என்பவர் ஆக்கிய ‘டெட்ரிஸ்’ விளையாட்டின் கைக்கடக்க நகல் அது. நோன்பு விடுமுறை முடிந்து திருப்பிக் கொடுத்தபோது பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பூத்திருந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் அவன் அத்தா கொண்டுவந்தது என்பதை இப்போது அவர் எழுதிய கட்டுரையில்தான் படித்தேன். என் பெயரைச் சொல்லாமல் “ஓர் உஸ்தாத்” என்று நாகரிகமாக விட்டிருந்தார்.

பழையதைக் காப்பது அவசியமில்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள ‘வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்’ 2023இல் ஆய்ந்து சொல்லியிருக்கிறது. நம் ஏட்டுச் சுவடிகளைக் கரையானுக்குக் கொடுத்த நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது. நின்டெண்டோவே 2016இல் பழைய பெட்டியைக் குட்டியாக்கி, முப்பது விளையாட்டை உள்ளே வைத்து விற்றது, வாங்க முண்டியடித்தார்கள். கல்லைக் காப்பாற்ற ஆள் இருக்கிறது. என் வழக்கு எழுதுகிறவர்களோடுதான்.

‘எங்கள் தலைமுறைக்குப் பின் விளையாட்டே இல்லை’ என்று இவர்கள் முடிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. கிட்டிப்புள் ஆடிய என் தலைமுறை இவர்களைப் பார்த்துச் சொன்னதும் அதுவே.

இரண்டு மாதம் கழித்து மாணவரிடமிருந்து திருத்திய படி வந்தது. பதினெட்டுப் பக்கமாகக் குறைந்திருந்தது. அத்தா 1995இல் நாற்பது நாள் விடுப்பில் வந்திருக்கிறார்; பதினைந்து வயது முடியுமட்டும் அவர் ஊரில் இருந்த நாள்களைக் கூட்டி எழுதியிருக்கிறார்; ஒரு வருடம்கூடத் தேறவில்லை. இஷாவுக்குப் பின் அத்தா பாயில் உட்கார்ந்து இரண்டாவது ரிமோட்டைப் பிடிப்பாராம். அசல் ஜப்பானியப் பெட்டியிலேயே இரண்டாவது ரிமோட்டில் தொடங்கும் விசை கிடையாது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் பலவற்றிலும் அப்படியே. அது தெரியாமல் அத்தா எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பார். பிறகு இவர் தொடங்கும்வரை ஒன்றும் பேசாமல் காத்திருப்பார். இவர் வேண்டுமென்றே சிறிது தாமதிப்பாராம்.

அந்தப் பக்கத்தில் இரண்டு சந்திப்பிழை இருந்தன. அவற்றை மட்டும் திருத்தி அனுப்பினேன்.