களரியும் மேடையும்: பேராதனைக் கூத்தும் எமது களிகம்பும்

ஈழத்துக் கூத்தைப் பற்றிப் பேச முற்படுவோர் பேராதனையைத் தவிர்த்துச் செல்ல முடியாது. 1956 இல் சரச்சந்திர அங்கிருந்தே 'மனமே'யைத் தந்தார். பின்னர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டு வந்தார். 1962 இல் 'கர்ணன் போர்'. தொடர்ந்து 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை'. விடிய விடிய ஆடிய கூத்து சில மணித்தியாலத்துக்குள் சுருங்கியது. நாற்புறமும் சனம் சூழ்ந்த வட்டக்களரி, ஒருபுறம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடையானது.

கூத்தை ஊராரிடமிருந்து பறித்துப் படித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்று அவர்மீது ஒரு குறை சொல்லப்படுவதுண்டு. அதில் நியாயமில்லாமலில்லை. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மேடையல்ல, ஒத்திகை. பட்டப்படிப்பு மாணவர்கள் அண்ணாவியாரை ஆசானாக ஏற்று மத்தளச் சொற்கட்டுக்குக் கால் வைத்துப் பழகினார்கள். 'இராவணேசனி'ல் இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு பிற்காலத்தில் பேராசிரியராகி, அந்த ஆட்டத்தை ஆய்வுக்கும் சிறுவர் அரங்குக்கும் எடுத்துச் சென்றார். காலில் ஏறிய பாடம் அது.

இன்று 'நாடகமும் அரங்கியலும்' பாடசாலைப் பாடம். வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாடுகளை மாணவர் மனனம் செய்து எழுதுகின்றனர். ஒரு தாளக்கட்டுக்கேனும் ஆடியறியாமலே நல்ல புள்ளியும் வாங்கலாம்.

எம்மவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கண்டிக்கு அண்மித்த ஒரு முஸ்லிம் பாடசாலையில் பிரமுகர் ஒருவரை வரவேற்கக் களிகம்பு ஆடினார்கள். பாட்டு ஒலிநாடாவில். பிள்ளைகள் வரிசையாக நின்று, தத்தம் கம்புகளைத் தாங்களே தட்டிக்கொண்டு வாசலிலிருந்து மண்டபம்வரை நடந்தனர். நானும் கைதட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கிழக்கிலே ஒரு கலியாண வீட்டில் நான் கண்ட களிகம்பு வேறு. வட்டமாக நின்று, இடப்பக்கத்தான் கம்பிலும் வலப்பக்கத்தான் கம்பிலும் மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவன் பிந்தினால் அடுத்தவன் விரலில் அடிவிழும். அண்ணாவியார் பாட்டை நிறுத்தவில்லை. தடுமாறிய சிறுவனுக்காகக் காலத்தைச் சற்றே தாழ்த்தினார். மூத்தவர்களும் அதற்கிசைந்து கம்பை மெதுவாக்கினார்கள். இரண்டு சுற்றில் அவன் பிடித்துக்கொண்டான். கூடி வாழும் பழக்கத்தை இதைவிட நன்றாகப் புகட்டும் ஒரு பாடவேளையை, ஆசிரியத் தொழிலில் இத்தனை காலம் இருந்தும் நான் கண்டதில்லை.

களிகம்பு கிழக்கின் சொத்து, மலைநாட்டாருக்கு எதற்கு என்று நண்பரொருவர் கேட்டார். பேராதனைக்கு வந்த கூத்தும் கிழக்கிலிருந்துதான் வந்தது. வித்தியானந்தன் ஆட்டத்தை மட்டும் தருவிக்கவில்லை, ஆட்டுவிப்பவரையும் வரவழைத்தார். எமது பாடசாலைகள் கம்பை மட்டும் வாங்கி வைத்திருக்கின்றன. அண்ணாவியாரிடம் ஆசிரியச் சான்றிதழ் கிடையாது. ஆதலால் அவரை அழைக்க வேண்டுமென்ற எண்ணமே எந்த அதிபருக்கும் வருவதில்லை.