வாயோடு நிற்கும் புகை

திருவொற்றியூரில் ஐ.டி.சி. நிறுவனத்தின் அட்டைப்பெட்டி அச்சகம் இருக்கிறது. வழுவழுப்பும் மினுக்கும் சேர்ந்த சிகரெட் பெட்டிகளை அச்சடிப்பதில் பேர்போன பிரிவு அது. அங்கிருந்து நெடுஞ்சாலையில் ராயபுரம் பக்கமாக வந்தால், பழைய பெட்டிக்கடைகள் சிலவற்றில் பெட்டியே இல்லாத ஒரு சரக்கு இன்னும் கிடைக்கும். நூலால் கட்டிய கட்டு, மேலே ஒரு காகிதச் சீட்டு, சில கட்டுகளில் அதுவும் கிடையாது. அதுதான் சுருட்டு. விளம்பரமோ வடிகட்டியோ ஓரத்தில் தங்க வளையமோ அதற்கு இல்லை. வாங்குகிறவர் கண்ணையும் விரலையும் நம்பித்தான் வாங்கியாக வேண்டும்.

துறைமுகத்துச் சுமைவேலைக்காரர்களும் காசிமேட்டு வலைக்காரர்களும் சுருட்டைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எளிது. பீடியை வாயிலிருந்து எடுத்தால் அணைந்துவிடும், கடற்காற்றில் நாலு இழுப்புக்குத் தாங்காது. சுருட்டு அரை மணி நேரம் நிற்கும். வேலை வந்தால் அணைத்துக் காதிடுக்கில் சொருகிக்கொண்டு, வேலை முடிந்ததும் மறுபடி பற்றவைக்கலாம். முனீஸ்வரனுக்கும் மதுரைவீரனுக்கும் படையலில் சுருட்டு வைப்பதும் இதே உழைப்பாளி வீட்டு வழக்கம்தான். தான் ரசிப்பதைச் சாமிக்கும் கொடுக்கிறான், அவ்வளவுதான்.

சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இறக்குவதில்லை. வாயில் நிறைத்து, நாக்கில் ஒரு புரட்டு புரட்டி, வெளியே விடுவதுதான் முறை. இது வெறும் பழக்கமல்ல, இலையின் குணமே அப்படி. சிகரெட்டுக்குப் போகும் வர்ஜீனியா இலையைச் சூடான காற்றுச் சூளையில் வேகமாக உலர்த்துவதால் அதில் சர்க்கரை தங்கிவிடும். அந்தப் புகை அமிலத்தன்மை கொண்டது. அமிலப் புகையில் உள்ள நிக்கோட்டின் வாயின் சவ்வு வழியாக அவ்வளவாக ஏறாது, ஆகவே நுரையீரல்வரை இழுத்தால்தான் வேலை செய்யும். சுருட்டு இலை காற்றாட மெதுவாக உலர்கிறது. பிறகு அம்பாரமாக அடுக்கி வைத்தால் தன் சூட்டிலேயே புளித்துப் பக்குவப்படுகிறது. அப்போது அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும், சர்க்கரை குறையும், புகை காரத்தன்மைக்கு மாறும். காரப் புகையின் நிக்கோட்டினை வாயே வாங்கிக்கொள்கிறது. நெஞ்சுக்குள் இழுக்கப் பார்த்தவன் இருமித் தீர்ப்பான்.

இந்தச் சரக்கின் பிறந்த வீடு திருச்சி என்று உலகம் சொல்கிறது. பாதி உண்மை. சுற்றிய கைகள் உறையூரைச் சேர்ந்தவை, இலை பெரும்பாலும் திண்டுக்கல் சீமையில் விளைந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ‘ட்ரிச்சினாபாலி’ என்று கேட்டு வாங்கும் அளவுக்குப் பெயர் இருந்தது. 1887இல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்தே கொலையாளி பிடித்தது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். சாம்பலின் கருநிறமும் செதில் செதிலாக உதிரும் தன்மையும் அவருக்குப் போதுமானதாக இருந்தன. கதாசிரியர் கானன் டாயில் இதைத் தனியாக விளக்கிக்கொண்டிருக்கவில்லை. லண்டன் வாசகருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது. சென்னையில் 1863இல் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனியும் பிற்பாடு திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. சர்ச்சில் திருச்சிச் சுருட்டுக்கு அடிமை என்பது ஊரார் விடாமல் சொல்லும் கதை. ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால் சொல்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

சரி, நல்ல சுருட்டு எது?

ராயபுரத்துப் பெட்டிக்கடை வாசலில் பழைய கை ஒருவர் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் பாடமே கிடைத்துவிடும். கட்டைப் பிரிக்கச் சொல்வார். ஒன்றை எடுத்துக் காதருகே கொண்டுபோய், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மெல்ல உருட்டுவார். மொறுமொறுவென்று சத்தம் வந்தால் “இன்னா நைனா, காஞ்சி கெடக்குது” என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். சத்தமே இல்லாமல் விரல் பதிந்த இடம் பதிந்தபடி நின்றால் ஈரம் ஏறியது, அதுவும் வேண்டாம். லேசாக அமுங்கி, விட்டதும் எழும்ப வேண்டும். அதற்குப் பெயர் பதம்.

அடுத்து நுனியிலிருந்து அடிவரை விரலை ஓட்டிப் பார்ப்பது. நடுவில் கல் மாதிரி ஒரு முடிச்சு தட்டுப்பட்டால், நடுநரம்பை உரித்தெடுக்காமல் காம்போடு வைத்துச் சுற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்தில் புகை அடைக்கும். ஒரு பக்கம் பொதபொதவென்று இருந்தால் உள்ளே இலை குறைவு. நெருப்பு அந்தப் பக்கமாகவே ஓடி, மறுபாதி வேகாமல் நிற்கும். மேல் இலையில் நரம்பு தடித்துத் தெரிகிறதா, ஒட்டிய இடத்தில் பசை திட்டாக நிற்கிறதா என்பதையும் கண் ஒரு முறை பார்த்துவிடும். நிறத்தில் மயங்குகிறவர்கள் உண்டு. கறுத்திருந்தால் காரம் என்பது கடைக்காரர் சொல்லும் சமாதானம். பக்குவம் முற்றிய இலையும் கறுப்புதான், வெல்லத் தண்ணீர் தெளித்து ஏமாற்றிய இலையும் கறுப்புதான். பின்னதை முகர்ந்தால் இனிப்பு முந்திக்கொண்டு வரும்.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானது பற்றவைப்பதற்கு முந்தைய வெற்று இழுப்பு. சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்தே இருக்கும். ஹவானா சிகார்போல மூடிய தலையை வெட்டித் திறக்கும் வேலை இல்லை. வாயில் வைத்துக் காற்றை மட்டும் இழுத்துப் பார்க்கலாம். காற்று தங்குதடையின்றிப் பாய்ந்தால் சுற்று தளர்வு. சூடான புகை நாக்கைச் சுட்டுவிடும். கன்னம் ஒட்டிப்போகும்படி இழுக்க வேண்டியிருந்தால் சுற்று இறுக்கம், பாதியிலேயே அணையும். கெட்டியான மோரை உறிஞ்சும்போது உதட்டில் படுமே ஒரு சிறு எதிர்ப்பு, அந்த அளவுக்கு இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். இந்த எதிர்ப்பை உண்டாக்குவது உறையூரில் பலகைமுன் உட்கார்ந்திருப்பவரின் உள்ளங்கை. உள்ளிலையை மடித்து வைக்கும்போது இலைக்கும் இலைக்கும் நடுவே காற்றுக்கு வழி விட வேண்டும். திணித்தால் கெட்டது. எந்த அளவுகோலும் இல்லாமல் கை அழுத்தத்தில் மட்டும் அமைகிற அளவு அது.

இந்த அளவைத்தான் ஐரோப்பாவில் இன்று இரும்பில் கடைகிறார்கள். 2003ஐ ஒட்டி ஹான் லிக் என்ற சீன மருந்தாளர் உருவாக்கிய மின் சிகரெட், பத்தே ஆண்டுகளில் ரசிகர்களையும் பிடித்துக்கொண்டது. அவர்களில் ஒரு சாரார் புகைமூட்டம் கிளப்புவதை வெறுப்பவர்கள். ஆவியை முதலில் வாயில் வாங்கி, பிறகு நெஞ்சுக்கு இறக்குபவர்கள். அவர்களுக்காகவே ‘கைஃபுன்’ போன்ற, திரவத்தை ஆவியாக்கும் ஜெர்மன் தொட்டிகள் துருப்பிடிக்காத எஃகில் வருகின்றன. காற்று நுழையும் துளையின் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்கு முன்னும் பின்னும் இருக்கும். அதைச் சற்றுக் கூட்டிக் குறைக்கத் திருகு, கம்பிச்சுருளின் மின்தடை ஒரு ஓமை ஒட்டி, அதற்குமேல் பருத்தியை எவ்வளவு அடைப்பது என்ற தீராத சர்ச்சை. ஒரு தொட்டிக்குப் பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கொடுக்கிறார்கள். கடைசலின் நேர்த்தியும் மரையில் பிசிறில்லாத சுத்தமும் பாராட்டத்தக்கவை. எண்ணூரிலும் அம்பத்தூரிலும் லேத் ஓட்டுபவர்கள் பார்த்தால் உடனே மதிப்பு தெரிந்துகொள்வார்கள். ஆனாலும் தேடுவது என்னவோ அதே எதிர்ப்பைத்தான். சில ரூபாய்ச் சுருட்டில் அது சும்மா கிடைக்கிறது. இந்தியாவில் அந்தக் கருவிகளுக்கு இடமும் இல்லை. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் வந்தது, அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாமே குற்றம். முதல் முறை விற்றுப் பிடிபட்டாலே ஓராண்டுவரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ.

வடசென்னைக்குச் சுருட்டு விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. ஹவானா சிகார் ரசிகர்கள் மரப்பெட்டிக்குள் ஈரம் வைத்து, காற்றின் ஈரப்பதத்தை எழுபது சதவீதத்தை ஒட்டி நிறுத்தப் படாதபாடு படுவார்கள். சென்னைக் கடலோரக் காற்றின் ஆண்டுச் சராசரியே கிட்டத்தட்ட அந்த அளவுதான். அக்கினி நட்சத்திரத்தில் மேற்கிலிருந்து வெக்கைக் காற்று அடிக்கும் நாட்களில் மேல் இலை வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நமத்துப்போய்ப் பூஞ்சை பிடிக்கும். மற்ற மாதங்களில் இறுக மூடிய தகர டப்பா போதும். கண்ணாடிப் பாட்டிலில் வெயில் படும்படி வைத்திருக்கும் கடையில் எந்த மாதத்திலும் வாங்கக் கூடாது.

பர்மாச் சுருட்டையும் இங்கே நினைக்காமல் முடியாது. அறுபதுகளில் ரங்கூனிலிருந்து திரும்பியவர்கள் வியாசர்பாடி, எர்ணாவூர்ப் பக்கங்களில் குடியேறினார்கள், 1969இல் கடற்கரை நிலையத்தை ஒட்டி பர்மா பஜார் எழுந்தது. பர்மாவில் பெண்களும் பிடிக்கும் அந்தச் சுருட்டு தடித்தது, மென்மையானது. வாய்ப்பக்கத்தில் சோளத்தோகையைச் சுருட்டி வடிகட்டியாக வைப்பார்கள். ஆனால் திரும்பியவர்கள் கொண்டுவந்தவற்றில் வடசென்னை தனதாக்கிக்கொண்டது அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டத்தைத்தான். காரத்துக்குப் பழகிய நாக்கு மென்சுருட்டை மதிக்காதது நியாயமே.

புகை நெஞ்சுக்கு இறங்கவில்லை என்பதால் ஆபத்து இறங்கவில்லை என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். வாயில் தங்கும் புகை வாயைத்தான் அரிக்கும்; நாக்கு, கன்னம், தொண்டை என்று புற்று வரும் இடங்கள் அவைதாம். ஆந்திரக் கடலோரத்தில் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் பெண்களிடம் மேல் அண்ணத்துப் புற்று மிகுந்திருப்பதை மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக எழுதிவருகிறது. 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் சுருட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. ஆனால் கட்டிலிருந்து ஒற்றையாக உருவி விற்கும் சுருட்டில் எச்சரிக்கைப் படம் ஒட்ட இடமேது?

உறையூரில் சுற்றும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. நாளெல்லாம் நெடியில் உட்கார்ந்து கிடைக்கும் கூலிக்குப் பிள்ளைகளை யாரும் அனுப்புவதில்லை, அனுப்பவும் வேண்டாம். இப்போது கடைக்கு வரும் கட்டுகளில் பாதி அவசரச் சுற்று. காம்பு கலந்தவை, பசை மிகுந்தவை. ஏற்கெனவே பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டைப் பிரித்து ஒன்றை உருட்டிப் பார்க்கக் கடைக்காரர் விடவில்லை என்றால் வாங்காமல் அடுத்த கடைக்கு நடந்துவிடுங்கள்.