காடும் தோப்பும்

விமரிசனம் எழுதக் கதையும் கவிதையும்தான் வேண்டும் என்பதில்லை. சர்க்கார் அறிக்கையும் வசனம்தான். ஒரு நாவலைப் படிக்கிற கவனத்தோடு அதையும் படிக்கலாம். சுதந்திர இந்தியாவின் தேசிய வனக் கொள்கைகள் இரண்டை, 1952-இல் வந்ததையும் 1988-இல் வந்ததையும், சமீபத்தில் அடுத்தடுத்துப் படித்தேன்.

முதலாவது, தேசத்துக்கு மரம் வேண்டும் என்று கவலைப்படுகிறது. ராணுவம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றின் தேவைகளையெல்லாம் சொல்லி, நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்கவேண்டும் என்கிறது. இரண்டாவது, மனம் திருந்திய மனிதனின் குரலில் பேசுகிறது. சுற்றுச்சூழல் நிலைபெறுவதே முதல் நோக்கம், வருமானம் அதற்குக் கீழேதான் என்கிறது. காற்று மண்டலத்தின் சமநிலையைக்கூடக் குறிப்பிடுகிறது. நல்ல வார்த்தைகள். ஆனால், கதாநாயகன் யார் என்று சொல்ல இரண்டுமே மறந்துவிட்டன. காடு என்றால் என்ன?

இந்தக் கேள்வி மனத்தில் இருந்தபோதுதான் விருத்தாசலத்துக்கு அருகிலுள்ள நல்லூருக்குப் போக நேர்ந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளைத் தாண்டினால் முந்திரியும் தைலமரமும் கண்ணில் படுகின்றன. நல்லூரில் மணிமுத்தாற்றங்கரைக் கோயிலில் சுவாமிக்கு வில்வவனேசுவரர் என்று பெயர். வனம் பெயரில் இருக்கிறது, ஊரில் இல்லை.

டீக்கடையில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "ஐயா, வழியெல்லாம் பார்த்தேனே, அது காடா?" என்று கேட்டேன்.

"முந்திரிக்காடு, தைலக்காடு, சோளக்காடு, எல்லாத்தையும் காடுன்னுதான் சொல்லுவோம், சார். ஆனா, வச்சது தோப்பு, தானா வந்ததுதான் காடு" என்றார்.

இந்த வித்தியாசம் நம் கணக்கில் இல்லை. நாட்டின் வனப்பரப்பை அளக்கும் இந்திய வன அளவை நிறுவனத்தின் விதி இது: ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்காவது மரக்கிளைகள் கவிந்திருந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன ஜாதி என்ற விசாரணை கிடையாது. 2023-ஆம் வருஷத்து அறிக்கை சொல்லும் 21.76 சதவிகிதத்தில் சோலைக்காடும் தைலத்தோப்பும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன.

இதனால் என்ன நஷ்டம் என்று வாசகர் கேட்கலாம். 2030-க்குள் மரங்களைக் கொண்டே 250 முதல் 300 கோடி டன் வரை கரியமிலவாயுவைக் கூடுதலாக ஈர்த்துவிடுவோம் என்று 2015-இல் உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். தைலமரம் வேகமாக வளர்கிறது; கரியையும் வேகமாக வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஐந்தாறு வருஷத்தில் வெட்டுப்பட்டுக் காகித ஆலைக்குப் போகிறது. காகிதம் கிழிந்து எரிந்தால் அந்தக் கரி மறுபடியும் காற்றுக்கே வந்துவிடும். (என் நாவல்களின் கதியும் இதுவாக இருக்கலாம்.) பழைய காடோ, வேரிலும் மண்ணிலும் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைக்கிறது. தோப்பு நடப்புக் கணக்கு; காடு வைப்புத் தொகை. இரண்டையும் கூட்டி ஒரே சொத்து என்று எந்த நாணயமான கணக்குப்பிள்ளையும் எழுதமாட்டான்.

முந்திரி வைத்த விவசாயியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவனுக்கு அது சோறு. தோப்பிலிருந்து விறகும் மரமும் கிடைத்தால் காட்டின் மேல் கோடரி விழுவதும் குறையும். ஆனால் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கரையேறியபோது, கடலூர் மாவட்டத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. விவசாயியின் பல வருஷத்து வருமானம் ஒரே நாளில் விறகாயிற்று. பருவம் தவறுகிற காலத்தில் அவனுக்கே காவல் தேவைப்படுகிறது. உலகத்தின் கடனையும் அவன் தோப்பின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

பக்கத்திலேயே நெய்வேலி இருக்கிறது. அங்கே எரிகிற பழுப்பு நிலக்கரி, எண்ணற்ற வருஷங்களுக்கு முன் மண்ணில் புதைந்த காடுதான். அந்தக் காட்டை எரித்த கணக்கை இந்தத் தோப்பைக் காட்டி நேர் செய்ய முடியாது.

அடுத்த வனக் கொள்கையை எழுதுகிறவர்களுக்கு என் யோசனை சிறியது. முதல் பக்கத்திலேயே காடு இன்னதென்று எழுதுங்கள். தோப்புக்குத் தனிப் பத்தி போடுங்கள். தானாக வந்த காடு எவ்வளவு மிச்சம் என்பதை வருஷந்தோறும் தனியாகச் சொல்லுங்கள். தமிழ்நாடு 2022-இல் பசுமை இயக்கம் தொடங்கி, 33 சதவிகிதத்தை எட்டவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டிருக்கிறது. நல்ல சங்கற்பம்தான். ஆனால் சொல்லைத் திருத்தாவிட்டால் அந்த மூன்றில் ஒரு பங்கைக் காகிதத்தில் மட்டுமே எட்டுவோம். காகிதத்துக்குத்தான் தைலமரம் இருக்கிறதே!