பின்னணி இல்லாத மனிதர்கள்

ஓர் ஆணும் ஒரு பெண்ணும் அருகருகே நிற்கிறார்கள். அவன் கையில் தொழிற்கருவி. அவள் இடுப்பில் கூடை. பின்னால் வெற்றுத் தாள், அல்லது வெளிறிய வானம். பல படங்களில் சாதியின் பெயரும் தொழிலின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்காகத் தஞ்சையில் தீட்டப்பட்ட நீர்வண்ணப் படங்களின் பொது அமைப்பு இதுவே. கலை வரலாறு இவற்றைக் ‘கம்பெனி ஓவியம்’ என அழைக்கிறது. ஊர் திரும்பிய துரைமாருடன் கப்பலேறிய இப்படங்களிற் பல இன்று இலண்டன் அரும்பொருளகங்களில் உள்ளன.

ஓவியனின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அரண்மனையையும் கோயிலையும் சார்ந்திருந்த தூரிகை, நெசவாளியையும் குயவனையும் கள்ளிறக்குவோனையும் தனிப்பொருளாக எடுத்துக்கொண்டது ஒரு முன்னேற்றமே. சேலை மடிப்பையும் கருவியின் பிடியையும் பிழையின்றி வரைந்த கண், உழைப்பை அறிந்த கண். அவனும் ஓர் உழைப்பாளிதான். பெரும்பாலான படங்களில் அவன் பெயர்கூட இல்லை.

ஆனால், அந்த வெற்றுப் பின்னணி எதை மறைக்கிறது? 1799இல் தஞ்சையின் ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. நிலவரியும் கடனும் சாதிக் கொடுமையும் ஏழைகளை நசுக்கின. 1820களிலிருந்து இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் எழுந்தபோது, தஞ்சை, திருச்சி, மதுரை, சேலம் மாவட்டங்களின் மக்கள் மன்னாரில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் மாண்டோர் பலர். அதே காலத்தில் அவர்களையொத்த மனிதர்கள் தஞ்சைத் தாளில் நலமாக நின்றுகொண்டிருந்தனர்! படத்தில் நிலம் இல்லை. ஆகவே நிலவுடைமையாளனும் இல்லை.

மைக்காத் தகடுகளில் தீட்டிய தொகுதிகளில் ஒரு வகை உண்டு. முகம் ஒன்றே, முகமற்ற உடைகளை அதன்மேல் மாற்றி மாற்றி வைத்தால் காவலாளியும் சமையற்காரனும் தோன்றுவர். வாங்கியவனுக்கு மனிதன் தேவைப்படவில்லை. வகை போதுமானதாக இருந்தது. தோட்டத்துச் செக்ரோலில் ஒரு வாழ்வை நாட்கூலியாகச் சுருக்கியதும் இதே பார்வைதான்.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது. கல்கத்தாவில் காளிகாட் கோயிலருகே ஓவியர்கள் ஆலைக் காகிதத்தில் விரைவாகத் தீட்டி, யாத்திரிகர்களுக்கு மலிவாக விற்றனர். 1873இல் தாரகேசுவரக் கோயிலின் மகந்து இளம்பெண் ஏலோகேசியைக் கெடுத்தான். கணவனோ அவளை வெட்டிக் கொன்றான். மகந்து சிறை சென்றான். காளிகாட் ஓவியர் இக்கதையைப் படம் படமாகத் தீட்டினர். மகந்து சிறையில் உழைப்பதையும் வரைந்தனர். பெண்களை ஏளனம் செய்யும் குறை அவர்களிடமும் உண்டு. எனினும், வாங்குவோர் சாமானியராக இருந்ததால், அதிகாரத்தின் மீது தீர்ப்புச் சொல்ல அத்தூரிகையால் முடிந்தது. யாருக்காக வரைகிறோம் என்பதே எதை வரைகிறோம் என்பதை முடிவு செய்கிறது.

இது பழங்கதையன்று. கூடை சுமந்து சிரிக்கும் கொழுந்துப் பெண் இன்றும் தேயிலைப் பெட்டிகளிலும் உல்லாசப் பயண விளம்பரங்களிலும் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் பச்சை மட்டுமே உண்டு; லயம் இல்லை.

வலப்பனையிலும் இராகலையிலும் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. மாணவி தன் தாயை வரைகையில் அந்த விளம்பரப் படத்தைப் பார்த்து வரைய விடாதீர்கள். கொழுந்து நிறுக்கும் தராசும், மண்சரிவுக்கு அஞ்சும் லயமும், பிரட்டுக்களமும் பின்னணியில் வரட்டும். தாயின் முகம் அவளுடைய முகமாகவே இருக்கட்டும். படத்தின் கீழே அவளுடைய பெயரும் எழுதப்படட்டும்.