கம்சனின் தலை

தாதாசாகேப் பால்கேயை 'இந்திய சினிமாவின் தந்தை' என்று சொல்லி மாலை போட்டு உட்கார வைத்துவிட்டோம். 1913 மே 3, பம்பாய் கொரனேஷன் தியேட்டர், 'ராஜா ஹரிச்சந்திரா' என்று பொது அறிவுத் தேர்வுக்கு விடை எழுதுவதோடு ஆள் முடிந்துபோகிறார். அவர் படங்கள் நல்ல படங்களா என்று யாரும் கேட்பதில்லை. தந்திரக் காட்சிகளை வைத்துத்தான் அதைக் கேட்க வேண்டும். பால்கே அடிப்படையில் ஒரு வித்தைக்காரர். தன் பெயரைத் திருப்பிப் போட்டு 'புரொபசர் கேல்பா' என்று மேடையேறியவர். ரவிவர்மா தொடங்கிய அச்சகத்தில் வேலையும் பார்த்தவர். மந்திர வித்தையும் சாமி படமும் கலந்ததே அவர் சினிமா.

பிரான்சின் ஜார்ஜ் மெலியேவும் மேடை வித்தைக்காரர்தான். கேமராவை நிறுத்தி, ஆளை அகற்றிவிட்டு மறுபடி சுழற்றினால் ஆள் மாயமாகிவிடுவார். 1896-லேயே அவர் இதைச் செய்துவிட்டார். ஆனால் மெலியேவின் பூதங்களைப் பார்த்துச் சிரிக்கலாம். பால்கேயின் தெய்வங்களைப் பார்த்தால் கும்பிடத்தான் முடியும்.

இதில் பெரிய லாபம் உண்டு. கடையநல்லூரை ஒட்டிய கிருஷ்ணாபுரத்து அனுமார் கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இலங்கை எரிந்த கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைய ரசிகர்களும் அப்படித்தான். ஊமைப்படத்துக்குக் கதை தெரிந்த ரசிகர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மராட்டியரான பால்கே எடுத்த 'லங்கா தகனம்' (1917) மதராசில் வசூலித்த சில்லறையை மாட்டு வண்டியில் ஏற்றிப் போனார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. மிகையாகவே இருக்கட்டும், அப்படம் மொழி தாண்டி ஓடியதற்கு அது போதுமான சாட்சி. அதே படத்தில் அண்ணா சாலுங்கே என்ற ஆண் ராமராகவும் சீதையாகவும் நடித்தார். கேமரா உதவியே தேவைப்படாத தந்திரம் அது!

நஷ்டமும் அங்கேதான். தெய்வம் தோன்றியதும் கதை நின்றுவிடுகிறது. எல்லோரும் கைகூப்புகிறார்கள், முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தது போல அசையாமல் இருக்கும் கேமராவும் கூடவே கைகூப்புகிறது. 'ஹரிச்சந்திரா' முடிவில் சிவன் சட்டென்று வந்து நிற்பதில் பரவசம் இருக்கலாம், பதைப்பு இல்லை. வருவார் என்று நமக்கு முன்பே தெரியும்.

இந்தக் குறையைப் பால்கேயே தாண்டிய இடம் ஒன்று உண்டு. 'ஸ்ரீ கிருஷ்ண ஜன்மா' (1918) படத்தில் சிறு பகுதிதான் மிஞ்சியிருக்கிறது. அதில் கம்சன் தன் மரணத்தை நினைத்து நடுங்குகிறான். திரும்பிய பக்கமெல்லாம் கிருஷ்ணன். பிறகு கம்சனின் தலை கழுத்தைவிட்டுக் கிளம்பி மேலே போகிறது. உடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஒருமுறை எடுத்த படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, கறுப்புப் பின்னணியில் வேறொன்றை அதன்மேல் பதிவதுதான் இப்படிப்பட்ட காட்சிகளுக்கு அக்கால வழி. கையால் சுழற்றும் கேமராவில் கணக்குக் கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் பாழ். ஆனால் நம்மை உலுக்குவது அந்தக் கைத்திறன் மட்டுமல்ல. இங்கே தந்திரம் அற்புதத்தைக் காட்டவில்லை, ஒருவன் மனசைக் காட்டுகிறது. பயந்தவனுக்கு உலகம் எப்படித் தெரியும் என்பதை ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது. தெய்வத்துக்காகக் கற்ற வித்தை அரக்க குணம் கொண்டவனிடம்தான் கலையாகியிருக்கிறது.

'காளிய மர்தன'த்தில் (1919) வேறொரு நேர்மை. கிருஷ்ணனாக வருவது பால்கேயின் மகள் மந்தாகினி. படம் தொடங்குமுன் அந்தச் சிறுமி விதவிதமாக முகபாவம் காட்டுகிறாள். நடிப்பது ஒரு குழந்தை என்று சொல்லிவிட்டே கதைக்குள் அழைத்துப் போகிறார். தண்ணீருக்கடியில் அவள் மல்லுக்கட்டும் பாம்பு பொம்மை என்று பளிச்சென்று தெரிகிறது. ஆனாலும் கரையில் தவிக்கும் கூட்டத்தை இடையிடையே காட்டுவதால் நமக்கும் அந்தத் தவிப்பு ஒட்டிக்கொள்கிறது.

கம்சனிடம் திறந்த அந்த வழியில் பால்கே தொடர்ந்து போகவில்லை. 1937-ல் எடுத்த ஒரே பேசும்படம் 'கங்காவதரண'மும் புராணம்தான். நம் பக்திப் படங்கள் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதும் திடீரென்று தோன்றும் சாமியைத்தான், கம்சனின் பயத்தை அல்ல. அவருடைய சாதனையும் தோல்வியும் அந்தச் சில நிமிடத் துண்டிலேயே இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கிறது, 'ஹரிச்சந்திரா'வுக்கு முன்னால் அதைப் பாருங்கள்.