போர்ட்டிங்: ஏறுவது எது, இறங்குவது எது?

யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் வைத்திருக்கும் நாலு பேர் கூடினால் ‘போர்ட்டிங் பண்ணியாச்சா?’ என்ற கேள்வி வராமல் இருக்காது. சிலிண்டரிலிருந்து எரிந்த வாயு வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரம் கொண்டும் கிரைண்டர் கொண்டும் பெரிதாக்கும் வேலை அது. எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த இந்த 98 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியின் உற்பத்தி 1996-ல் நின்றுவிட்டது. அதன் மீதான மோகம் நிற்கவில்லை. போர்ட்டிங் செய்தால் வண்டி பறக்கும் என்கிறது ஒரு தரப்பு. எஞ்சின் பாழாகும் என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு வெவ்வேறு வேலைகளுக்கு ஒரே பெயர் வைத்துக்கொண்டு வாதாடுவதால்தான் இந்த வழக்கு தீராமல் கிடக்கிறது.

முதல் வேலை, துப்புரவு. வார்ப்பில் தங்கிவிட்ட பிசிறு, இரும்பு லைனரும் அலுமினியமும் சேரும் இடத்தில் நிற்கும் மேடு, போர்ட்டுக்குள் துருத்தும் கேஸ்கெட் விளிம்பு, பல வருடக் கரி ஆகியவற்றை நீக்கிச் சமன் செய்வது. மொத்தமாக வார்த்துத் தள்ளும் தொழிற்சாலை ஒவ்வொரு சிலிண்டரையும் விரலால் தடவிப் பார்த்து அனுப்பாது. அந்தக் குறையைப் பட்டறையில் சரிசெய்வதில் தவறில்லை. கிடைக்கும் பலன் சிறிது. ஆனால் நிதானமான கையில் இதனால் எதையும் இழக்கப்போவதில்லை.

இரண்டாவது வேலை, போர்ட்டின் மேல் விளிம்பை உயர்த்துவது. இந்த டூ ஸ்ட்ரோக் சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. ஏறி இறங்கும் பிஸ்டனே போர்ட்டைத் திறந்து மூடுகிறது. எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பதை அந்த மேல் விளிம்புதான் முடிவு செய்கிறது. ஆர்எக்ஸ் 100-ன் ஸ்ட்ரோக் 50 மி.மீ. அதில் விளிம்பை 1 மி.மீ. உயர்த்தினாலே, கிராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் போர்ட் ஏறக்குறைய 4 முதல் 5 டிகிரி கூடுதலாகத் திறந்திருக்கும். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது எரிந்த வாயு வெளியேற அவகாசம் கூடுவதால் டாப் ஸ்பீடு ஏறுகிறது. போர்ட்டிங் ஆதரவாளர்கள் சொல்வது இந்த அளவில் உண்மை.

இதற்குக் கொடுக்கும் விலையும் அதே விளிம்பில்தான் இருக்கிறது. போர்ட் முன்னதாகத் திறப்பதால், பிஸ்டனைத் தள்ளவேண்டிய அழுத்தம் பாதியில் வெளியேறுகிறது. தாமதமாக மூடுவதால் கம்ப்ரஷன் குறைகிறது. எரியாத பெட்ரோலும் சைலன்சர் வழியே போகிறது. மைலேஜ் விழும், புகை கூடும், கீழ் வேகத்தில் இழுவை செத்துப்போகும். சுமார் 100 கிலோ எடையில், சிக்னல் விழுந்ததும் பாயும் பிக்கப்புக்காகத்தான் இந்த வண்டியை மக்கள் கொண்டாடுகிறார்கள். விளிம்பை ஏற்றினால் முதலில் அடிபடுவது அந்தப் பிக்கப். போதாததற்கு இதில் இருப்பது நாலே கியர். சக்தி முழுவதும் உச்ச வேகத்தில் குவிந்துவிட்டால், ஒவ்வொரு முறை கியர் மாற்றும்போதும் எஞ்சின் அந்தக் குறுகிய எல்லைக்குக் கீழே விழுந்து திணறும்.

போர்ட்டைத் தனியாகப் பார்ப்பது இன்னொரு பிழை. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் 1961 வாக்கில் 125 சிசி எஞ்சினிலிருந்து 25 குதிரைத்திறன் எடுத்தார். போர்ட்டை மட்டும் திருத்தி அவர் அதைச் சாதிக்கவில்லை. சைலன்சர் குழாயில் திரும்பி வரும் அழுத்த அலை, தப்பி ஓடும் பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள் மீண்டும் தள்ளும்படி குழாயையும் போர்ட்டையும் சேர்த்தே வடிவமைத்தார். கம்பெனி சைலன்சரையும் கார்புரேட்டர் ஜெட்டையும் அப்படியே விட்டுவிட்டு விளிம்பை மட்டும் ஏற்றுவது அரைகுறை வேலை. யமஹாவே பின்னாளில் ஒய்பிவிஎஸ் என்ற பவர் வால்வைக் கொண்டுவந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது போர்ட்டின் உயரத்தைக் குறைத்தும், வேகம் ஏறும்போது கூட்டியும் தரும் ஏற்பாடு அது. ஒரே உயரம் இரண்டு வேகத்துக்கும் ஒத்துவராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

அகலப்படுத்துவதில் வேறு ஆபத்து. போர்ட் அளவுக்கு மீறி அகன்றால், அந்த இடத்தில் பிஸ்டன் ரிங்குக்குச் சுவரின் பிடிமானம் இருக்காது. ரிங் வெளியே பிதுங்கி, மேலேறும்போது விளிம்பில் மாட்டி உடையும். விவரம் தெரிந்த மெக்கானிக் முதலில் கிரைண்டரைத் தொடமாட்டார். சிலிண்டருக்குள் காகிதத்தைச் சுருட்டி வைத்து, பென்சிலால் தேய்த்து, போர்ட்டுகளின் அச்சை எடுத்துக்கொள்வார்; கிராங்கில் டிகிரி தட்டைப் பொருத்தித் திறப்பையும் மூடலையும் அளப்பார்; வெட்டி முடித்ததும் ரிங் வழுக்கிப்போகும்படி விளிம்பைச் சரித்துவிடுவார். கண்ணளவில் ராவுகிறவரிடம் சிலிண்டரைக் கொடுப்பது சூதாட்டம்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஓடப்போகும் வண்டிக்கு இந்த நியாயங்கள் மாறும். அங்கே கீழ் வேகம் யாருக்கும் தேவையில்லை. எஞ்சினை அடிக்கடி பிரித்து ரிங்கைப் பார்ப்பதும் வழக்கம். ஒரிஜினல் மாற்று சிலிண்டர் தாராளமாகக் கிடைத்த காலத்தில் சாலை வண்டியில் சோதித்துப் பார்த்ததையும் குறை சொல்லமுடியாது. இன்று நிலைமை அப்படியில்லை. லைனரை மாற்றலாம், லைனருக்கு வெளியே அலுமினியத்தில் வெட்டிய வழியை மீட்கமுடியாது. ஒவ்வொரு ஒரிஜினல் சிலிண்டர் வெட்டுப்படும்போதும் இருப்பில் ஒன்று குறைகிறது.

ஆகவே, தினமும் ஓட்டும் பழைய வண்டிக்குத் துப்புரவு வேலை போதும். உயரத்தைக் கூட்டியே ஆகவேண்டும் என்பவர் கம்பெனி சிலிண்டரைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றில் வெட்டட்டும். சைலன்சருக்கும் கார்புரேட்டருக்கும் சேர்த்தே செலவை ஒதுக்கட்டும். அதற்கு மனமில்லை என்றால், தொழிற்சாலை வைத்த உயரமே அந்த வண்டிக்குச் சரியான உயரம்.