அபாயத்தின் கணக்கு: மான்ஸ்டர்களை அளப்பது குறித்துச் சில குறிப்புகள்

1

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற ஆட்டத்தைப் பற்றி எழுதப்போகிறேன். விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் என்ன பேச்சு என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். ஓர் உயிர் எவ்வளவு அபாயமானது என்பதை எண்ணாக்கி, அச்சடித்து விற்று, ஐம்பது வருஷமாகத் திருத்திக்கொண்டே இருக்கிற இன்னொரு பிரதி எனக்குத் தெரிந்து இல்லை. அந்த எண் எங்கிருந்து வருகிறது, யார் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் எழுதி, அமெரிக்காவின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒருவர் உலகத்தை நடத்துகிறார். டன்ஜன் மாஸ்டர் என்று அவருக்குப் பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த உலகத்துக்குள் இறங்குகிறார்கள். வழியில் எதிர்ப்படுகிறவை மான்ஸ்டர்கள். இதை அரக்கர் என்று மொழிபெயர்க்க எனக்குத் தயக்கம். அந்தச் சொல்லை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள் என்கிற சண்டை நம்மிடையே இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆகவே மான்ஸ்டர் என்றே எழுதுகிறேன்.

2

ஆரம்பத்தில் அளவுகோல் படிக்கட்டில் இருந்தது. நிலத்தடி அறைகள் தளம் தளமாகக் கீழே போகும். ஆழம் கூடக்கூட அபாயம் கூடும். முதல் தளத்தில் இருப்பதா, மூன்றாம் தளத்துக்கு இறங்குவதா என்பதை ஆடுகிறவர்கள்தான் தீர்மானித்தார்கள். டாம் மோல்ட்வே செப்பனிட்ட 1981ஆம் வருஷத்து அடிப்படைப் பதிப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெளிவாக இருந்தன. எதிர்ப்படுகிற மான்ஸ்டர் பகையா நட்பா என்பதைப் பகடை உருட்டிப் பார்க்கலாம். ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் 2 முதல் 12 வரை ஒரு மனோதிட எண் உண்டு. சண்டை கைமீறினால் அது ஓடிப்போகலாம், சரணடையலாம். அனுபவப் புள்ளிகளில் பெரும்பங்கு புதையலிலிருந்து வந்ததால் சண்டையைத் தவிர்க்கிறவனுக்குத்தான் லாபம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அளவுகோலைப் படிக்கட்டிலிருந்து பிடுங்கி மாஸ்டரின் கையில் கொடுத்தது. ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரு சவால் எண். ஐந்தாம் நிலையிலுள்ள நான்கு பாத்திரங்கள் ஐந்து என்ற எண்ணுள்ள மான்ஸ்டரை எதிர்கொண்டால் அவர்களுடைய கையிருப்பில் 20 சதவீதம் தீரும். இதுதான் வரையறை. கொஞ்சம் நிதானித்துப் படித்தால் விஷயம் பிடிபடும். மான்ஸ்டருக்குத் தனக்கென்று ஓர் அபாயம் இங்கே கிடையாது. எதிரே நிற்கிற நான்கு பேரின் செலவுக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். மனோதிட எண்ணும் இதே பதிப்பில்தான் விதிகளிலிருந்து மறைந்தது. தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் கணக்கு நேராக வரவேண்டுமென்றால் மான்ஸ்டர் பாதியில் ஓடக்கூடாது, பேசக்கூடாது, கடைசிவரை நின்று சாகவேண்டும். எண் கிடைத்தது, ஓடிப்போகும் உரிமை போயிற்று. நூறு மோதல்களில் ஐந்தாவது ஆடுகிறவர்கள் ஓடவேண்டியவையாக இருக்கட்டும் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. அட்டவணையைக் கையில் வைத்திருப்பவர்கள் முதலில் மறக்கிற வரியும் அதுதான்.

3

எண் எதை அளக்கிறது? 2014ஆம் வருஷத்து மான்ஸ்டர் மேனுவலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சாமானியன் என்றொரு பதிவு: உயிர்ப்புள்ளி 4, சவால் எண் 0, வீழ்த்தினால் கிடைப்பது 10 புள்ளி. ஊரில் சும்மா இருக்கிற மனுஷனுக்கும் விலை போட்டாயிற்று. அதே பகுதியில் பிரபு ஒருவர் இருக்கிறார், எண் 1/8. பழங்குடி வீரன் ஒருவன் இருக்கிறான், அவனுக்கும் 1/8. ஆகா, சமத்துவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படலாமா? பிரபுவின் நிலம், ஆள்பலம், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் எதுவுமே கணக்கில் வரவில்லை. அளக்கப்பட்டது தனித்தனி உடம்பு மட்டுமே. உறவுகளைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைப் பலம் என்று சொல்கிற கருத்தியல் இது.

உறவைக் கணக்கில் கொண்டுவர முயற்சி நடக்காமலில்லை. 2014ஆம் வருஷத்து விதியில் ஒரு பெருக்கல் இருந்தது. ஒரு காப்ளினுக்கு 50 புள்ளி. நான்கு காப்ளின்கள் 200. ஆனால் மூன்று முதல் ஆறு பேர் சேர்ந்து வந்தால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. முதல் நிலையிலுள்ள நான்கு பாத்திரங்களுக்கு மரண அபாயத்தின் எல்லை தலைக்கு 100, மொத்தம் 400. அதாவது புதரில் பதுங்கிய நான்கு காப்ளின்கள் அவர்களைக் கொன்றுபோட வல்லவை. (அந்த வருஷம் புதியவர்களுக்கென்று விற்ற பெட்டியில் முதல் சண்டையே இப்படி நான்கு காப்ளின்கள்தான்.) பலவீனர்கள் கூடினால் பலம் கூட்டலாக வளராது, பெருக்கலாக வளரும் என்கிற உண்மையை அந்த விதி எப்படியோ ஒப்புக்கொண்டிருந்தது.

2024இல் பெருக்கலை எடுத்துவிட்டார்கள். கணக்குப் போடச் சிரமமாக இருக்கிறதாம். இப்போது நான்கு காப்ளின்கள் வெறும் 200. நான்கு பேருக்குத் தலைக்கு 50 வீதம் ‘குறைந்த’ சிரமத்தின் எல்லையும் 200. அதே புதர், அதே நான்கு காப்ளின், எதிரே அதே நான்கு பேர். உச்சிப் படியிலிருந்து அடிப்படிக்கு வந்தாயிற்று. பாத்திரங்களுக்குக் கொஞ்சம் பலம் கூட்டியிருக்கிறார்கள் என்பது உண்மை. அந்தக் கொஞ்சத்தை வைத்து இந்த இறக்கத்தை விளக்கிவிட முடியாது. மாறியது கூட்டத்தைப் பார்க்கும் பார்வை.

இதற்கான மறுப்பு ரொம்ப நாளைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. டிராகன் பத்திரிகையின் 127ஆவது இதழில், 1987 நவம்பரில், ரோஜர் மூர் ‘டக்கரின் கோபால்ட்கள்’ பற்றி ஆசிரியர் குறிப்பு எழுதினார். ஆட்டத்திலேயே ஆகக் கீழான மான்ஸ்டர்களில் ஒன்று கோபால்ட். ஆனால் அந்தக் கோபால்ட்கள் தங்கள் சுரங்கத்தை அறிந்திருந்தன. நெருப்பு மூட்டின, வழிகளை அடைத்தன, விரட்டி விரட்டி அடித்தன. பெரிய பெரிய வீரர்கள் நடுங்கிப்போனார்கள். ஒரு கோபால்ட்டின் எண்ணும் கூடவில்லை. இடமும் ஒழுங்கமைப்பும் இருந்தன, அட்டவணையில் இரண்டுக்கும் கட்டம் இல்லை.

4

அப்படியானால் அட்டவணையைத் தூக்கி எறிந்துவிடலாமா என்றால், தோழர்களே, அவசரம் வேண்டாம். 1824இல் பிரஷ்ய ராணுவத்துக்கு ரைஸ்விட்ஸ் கொடுத்த போர் ஆட்டம் அட்டவணைகளால் ஆனது. 1876இல் வெர்டி து வெர்னுவா அட்டவணைகளை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, விதிப்பவரா என்கிற அந்தப் பழைய வழக்குத்தான் நம் மேசையிலும் நடக்கிறது. விதி இல்லாத மேசையில் மாஸ்டரின் மனசே சட்டம். புதிதாக வந்து உட்கார்கிறவரை அந்தக் கேவலமான எண்தான் ஓரளவு காப்பாற்றுகிறது. சமன் வேண்டும் என்கிறவர்களின் நியாயத்தை நான் மறுக்கவில்லை.

என் மறுப்பு வேறு இடத்தில். எண்ணை மாஸ்டர் ஒருவரே வைத்துக்கொள்கிறார். சண்டை இறுகும்போது திரைக்குப் பின்னால் மான்ஸ்டரின் உயிர்ப்புள்ளியைச் சத்தமில்லாமல் குறைக்கிறார். இரக்கம்தான், ஆனால் மேலிருந்து இறங்கிவருகிற இரக்கம். ஜெயித்தவனுக்குத் தான் ஜெயிக்கவைக்கப்பட்டது தெரியாது. இதற்குச் சமன் என்று பெயர் வைப்பதைவிட ஏமாற்று என்று சொல்லிவிடலாம். கருகிய மரம், எலும்புக் குவியல், ஊர்க்காரர்களின் எச்சரிக்கை என்று அபாயத்தை முன்கூட்டியே கண்ணில் காட்டுங்கள். படிக்கட்டைத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் பத்து டிராகன்கள் வந்தாலும் அது நியாயமான ஆட்டம். அதேபோல் காப்ளினுக்கும் பேசவும் ஓடவும் வழி விடுங்கள். பலம் சமமாக இருப்பதில் நியாயம் இல்லை. தெரிந்துகொள்ளவும் விலகிப்போகவும் இருதரப்புக்கும் வழி இருப்பதில் இருக்கிறது.

5

1979இல் வந்த கைகாக்ஸின் எல்லைக்கோட்டை சாகசத்தில் குகைகளுக்குள் சண்டைபோடாத பெண்களும் குஞ்சுகளும் எண்ணிக்கையோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களை என்ன செய்வது என்பதற்கு எந்த எண்ணும் பதில் சொல்லாது. 2024இல் ஆர்க் ஆடுகிறவர்களுக்கான புத்தகத்துக்கு இடம்பெயர்ந்தது. 2025ஆம் வருஷத்து மான்ஸ்டர் மேனுவலில் ஆர்க் என்ற பதிவே இல்லை. அளக்கப்படும் பக்கத்திலிருந்து அளக்கும் பக்கத்துக்கு வர அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. ஆர்க்கின் பலம் கூடியோ குறைந்தோ இது நடக்கவில்லை. அந்தக் கோடு எப்போதுமே கணக்குக்கு வெளியேதான் போடப்பட்டிருந்தது. காப்ளின் இன்னும் 50 புள்ளியாகத்தான் புதரில் உட்கார்ந்திருக்கிறது.